தசைக்கு எடை அதிகமா, கொழுப்புக்கு எடை அதிகமா? எடை மெஷின் சொல்லாததைச் சொல்லும் ஏற்காடு காபிப் பழம்!

"ஒரு மாசமா ஜிம் போறேன், சாப்பாட்டையும் குறைச்சாச்சு. ஆனா வெயிட் மட்டும் ஒரு கிலோகூட குறையல!" பலரும் புலம்பும் விஷயம் இது. "கொழுப்பு கரைஞ்சு தசை ஆகுது. தசைக்கு வெயிட் ஜாஸ்தி, அதான் குறையல" என்று பதிலும் உடனே வரும்.

இந்தப் பதிலில் பாதி உண்மை, பாதி தவறு. தசைக்கும் கொழுப்புக்கும் உண்மையில் என்ன வித்தியாசம்? எடை மெஷினில் வரும் எண்ணை எவ்வளவு தூரம் நம்பலாம்? ஒல்லியாக இருப்பவர்களுக்கும் சர்க்கரை நோய் வருவது ஏன்? விரிவாகப் பார்க்கலாம்.

காபிப் பழம் சொல்லும் கணக்கு

முதலில் சேலம் மாவட்டம் ஏற்காட்டுக்குப் போய் வருவோம். சேர்வராயன் மலையில் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் இந்த ஊரைச் சுற்றி காபித் தோட்டங்கள் நிறைய உண்டு. நவம்பரில் தொடங்கி பனிக்காலம் முழுக்க பழம் பறிக்கும் வேலை நடக்கும்.

பறித்த பழத்தைத் தோல் நீக்கும் முன் தண்ணீர்த் தொட்டியில் கொட்டுவது காபித் தோட்டங்களின் வழக்கம். நன்றாக விளைந்த பழம் தண்ணீரில் மூழ்கும். பூச்சி துளைத்தது, உள்ளே கொட்டை சரியாகப் பிடிக்காதது, செடியிலேயே காய்ந்து போனது எல்லாம் மேலே மிதக்கும். மிதப்பதைத் தனியாக அள்ளிவிடுவார்கள்.

கவனிக்க வேண்டிய விஷயம், மூழ்கும் பழமும் மிதக்கும் பழமும் பார்க்க ஒரே சைஸில்தான் இருக்கும். கண்ணுக்குத் தெரியாத வித்தியாசத்தைத் தண்ணீர் காட்டிவிடுகிறது. அந்த வித்தியாசத்தின் பெயர்தான் அடர்த்தி. அதாவது, ஒரே அளவு இடத்துக்குள் எவ்வளவு எடை அடங்கியிருக்கிறது என்பது.

தசையும் கொழுப்பும்கூட இப்படித்தான்.

ஒரு கிலோ தசை, ஒரு கிலோ கொழுப்பு: எது அதிகம்?

"ஒரு கிலோ இரும்பு வெயிட்டா, ஒரு கிலோ பஞ்சு வெயிட்டா?" பள்ளிக்கூடத்தில் எல்லோரும் ஏமாந்த கேள்விதான். ஒரு கிலோ என்றால் எதுவானாலும் ஒரு கிலோதான். தசைக்கு எடை ஜாஸ்தி என்று சொல்வதைவிட, தசைக்கு அடர்த்தி ஜாஸ்தி என்று சொல்வதே சரி.

எண்களில் பார்த்தால்:

• தசையின் அடர்த்தி: ஒரு மில்லி லிட்டருக்கு சுமார் 1.06 கிராம்
• கொழுப்புத் திசுவின் அடர்த்தி: ஒரு மில்லி லிட்டருக்கு சுமார் 0.92 கிராம்
• தண்ணீரின் அடர்த்தி: ஒரு மில்லி லிட்டருக்கு 1 கிராம்

அதாவது கொழுப்பைவிட தசை சுமார் 15 சதவீதம் அடர்த்தியானது. தசை தண்ணீரில் மூழ்கும், கொழுப்பு மிதக்கும். தசையில் முக்கால் பங்கு தண்ணீர், மீதியில் பெரும்பகுதி புரதம். கொழுப்புத் திசுவிலோ பெரும்பகுதி எண்ணெய் போன்ற கொழுப்பு, தண்ணீர் குறைவு. ரசத்தின் மேல் தாளித்த எண்ணெய் மிதப்பதற்குக் காரணம் எதுவோ, அதேதான் இங்கும்.

இணையத்தில் பரவும் படம் உண்மையா?

ஒரு பக்கம் சின்னதாக, சிவப்பாக ஒரு தசைத் துண்டு. பக்கத்தில் அதைவிட இரண்டு, மூன்று மடங்கு பெரிதாக மஞ்சள் நிறக் கொழுப்புக் கட்டி. "இரண்டும் ஒரே எடை" என்று எழுதியிருக்கும். வாட்ஸ்அப்பில் இந்தப் படம் பலருக்கும் வந்திருக்கும்.

இது மிகைப்படுத்தல். கணக்குப் போட்டால் ஒரு கிலோ தசை சுமார் 943 மில்லி லிட்டர் இடம் பிடிக்கும். ஒரு கிலோ கொழுப்புத் திசு சுமார் 1,087 மில்லி லிட்டர் இடம் பிடிக்கும். வித்தியாசம் 144 மில்லி லிட்டர். ஏறத்தாழ ஒரு டம்ளர் காபி, அவ்வளவுதான்!

ஐந்து கிலோ கொழுப்பு போய், அதே இடத்தில் ஐந்து கிலோ தசை வந்தால்கூட உடலின் மொத்தக் கொள்ளளவில் முக்கால் லிட்டர் அளவுக்குத்தான் குறையும். அப்படியானால் சட்டை லூசாவதும், பேண்ட் இடுப்பில் நிற்காமல் போவதும் எப்படி? கொழுப்பு வயிற்றில் குறைகிறது. தசை தொடை, தோள், முதுகு என்று பரவலாகக் கூடுகிறது. அளவைவிட, இருக்கும் இடம்தான் தோற்றத்தை மாற்றுகிறது. ஆரோக்கியத்திலும் இந்த 'இடம்' ரொம்ப முக்கியம். அதைப் பிறகு பார்க்கலாம்.

கொழுப்பு தசையாக மாறுமா?

மாறாது. இரண்டும் வேறு வேறு செல்கள். உடற்பயிற்சியை நிறுத்திவிட்டால் தசை கொழுப்பாகிவிடும் என்பதும் தவறு. பயிற்சி செய்யும்போது தசை வளரலாம், அதே சமயத்தில் கொழுப்பு குறையலாம். நிறுத்தினால் தசை சுருங்கலாம், சாப்பாடு அப்படியே தொடர்ந்தால் கொழுப்பு கூடலாம். ஒன்று இன்னொன்றாக உருமாறுவதில்லை.

இன்னொரு விஷயம், தசை அவ்வளவு வேகமாகவும் வளராது. புதிதாகப் பயிற்சி தொடங்குபவருக்கு மாதம் அரை கிலோ முதல் ஒரு கிலோ வரை கூடினாலே பெரிய விஷயம். "ஜிம்முக்குப் போய் ஒரே வாரத்தில் ரெண்டு கிலோ ஏறிடுச்சு, எல்லாம் தசை" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அதில் பெரும்பகுதி தண்ணீராகத்தான் இருக்கும்.

ஏற்காட்டுக்கு நடந்தே ஏறினால் எவ்வளவு குறையும்?

சேலம் சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி ஏற்காடு போனால் ஏறத்தாழ 1,200 மீட்டர் மேலே போகிறோம். 70 கிலோ எடையுள்ள ஒருவர் இதை நடந்தே ஏறுகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

அந்த ஏற்றத்துக்கு மட்டும் அவர் உடல் செலவழிக்கும் சக்தி சுமார் 800 முதல் 1,000 கலோரி வரை. ஒரு கிலோ உடல் கொழுப்பில் இருப்பது சுமார் 7,700 கலோரி. எனவே அந்தச் சக்தி முழுவதும் கொழுப்பிலிருந்தே வந்தாலும் கரைவது 100 முதல் 130 கிராம்தான்.

ஆனால் மேலே போய் எடை மெஷினில் ஏறினால் ஒன்றரை கிலோ குறைந்ததாகக்கூட காட்டலாம். அது வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை போனால் ஒரு கிலோ எடை போகும். இரண்டு பாட்டில் தண்ணீரும் ஒரு சாப்பாடும் உள்ளே போனால் எடை திரும்ப வந்துவிடும்.

மலை இறங்கிய மறுநாள் கதை வேறு. இறக்கத்தில் தொடைத் தசை உடலைத் தாங்கித் தாங்கி இறக்குவதால் அதில் நுண்ணிய காயங்கள் ஏற்படும். அதனால்தான் இரண்டு நாளைக்குக் கால் வலி. அந்தத் தசையைச் சரிசெய்ய உடல் கொஞ்சம் தண்ணீரைத் தேக்கி வைப்பதால், எடை சற்று ஏறியதாகவும் தெரியலாம். இவ்வளவு நடந்தும் வெயிட் ஏறிடுச்சே என்று வருத்தப்பட வேண்டியதில்லை.

மலை உயரத்தில் புவியீர்ப்பு குறைவுதானே, அதனால் எடை குறையாதா? குறையும். 70 கிலோ எடையுள்ளவருக்கு சுமார் 20 கிராம்! வீட்டு எடை மெஷினில் அது தெரியவே தெரியாது.

உடலையும் தண்ணீரில் போட்டு அளந்தார்கள்

காபிப் பழத்துக்குச் செய்வதையே மனிதர்களுக்கும் செய்து பார்த்தார் ஆல்பர்ட் பென்கே. அமெரிக்கக் கடற்படை மருத்துவரான இவர், ஆட்களைத் தண்ணீருக்கு வெளியிலும், தண்ணீருக்குள் முழுக்க மூழ்க வைத்தும் எடை பார்த்தார். இரண்டு எடைக்கும் உள்ள வித்தியாசத்திலிருந்து உடலின் அடர்த்தியைக் கணக்கிடலாம். ஆர்க்கிமிடீஸ் தத்துவம்தான்.

1942-ல் வெளியான ஆய்வில், தொழில்முறை அமெரிக்கக் கால்பந்து வீரர்கள் 25 பேரை அவர் குழு அளந்தது. உயரத்துக்கு ஏற்ற எடை அட்டவணைப்படி அவர்களில் 17 பேர் 'அதிக எடை', ராணுவத்தில் சேரத் தகுதியில்லாதவர்கள். ஆனால் தண்ணீரில் அளந்தபோது அவர்களில் பெரும்பாலானோரின் உடலில் கொழுப்பு குறைவாகவே இருந்தது. அட்டவணை 'குண்டு' என்று சொன்னது தசையைப் பார்த்துத்தான்.

பி.எம்.ஐ. எங்கே சறுக்குகிறது?

எடையை (கிலோவில்) உயரத்தின் (மீட்டரில்) வர்க்கத்தால் வகுத்தால் வருவது பி.எம்.ஐ. எனும் உடல் நிறைக் குறியீட்டெண். 19-ம் நூற்றாண்டில் பெல்ஜியத்தைச் சேர்ந்த கணித அறிஞர் அடால்ஃப் கெட்லே உருவாக்கிய கணக்கு இது. பி.எம்.ஐ. என்ற பெயரை 1972-ல் கொடுத்தவர் அமெரிக்க ஆய்வாளர் ஆன்செல் கீஸ். லட்சக்கணக்கானவர்களை ஒப்பிட இது நல்ல கருவி. ஆனால் தனி ஒருவரின் உடலுக்குள் தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்று இதற்குத் தெரியாது.

ஏற்காடு படகு இல்லத்தில் இரண்டு பேர் நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இருவரும் 170 செ.மீ. உயரம், 70 கிலோ எடை. பி.எம்.ஐ. இருவருக்கும் 24.2. ஒருவர் உடலில் 15 சதவீதம் கொழுப்பு, அதாவது 10.5 கிலோ. இன்னொருவர் உடலில் 30 சதவீதம், அதாவது 21 கிலோ. கொழுப்பு இரண்டு மடங்கு! எடை மெஷினுக்கு இருவரும் ஒன்றுதான்.

இந்திய உடம்பில் என்ன சிக்கல்?

கால்பந்து வீரர்கள் விஷயத்தில் எடை அட்டவணை தசையைக் கொழுப்பு என்று நினைத்துவிட்டது. இந்தியர்கள் விஷயத்தில் நடப்பது இதற்கு நேர் எதிர். எடை சரியாகத்தான் இருக்கும், ஆனால் தசை குறைவாகவும் கொழுப்பு அதிகமாகவும் இருக்கும்.

இதற்கு உலகப் புகழ்பெற்ற உதாரணம் ஒரு புகைப்படம். புனே கே.இ.எம். மருத்துவமனையின் சர்க்கரை நோய் ஆய்வாளர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும், லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த ஜான் யட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நின்று எடுத்துக்கொண்ட படம் 2004-ல் 'தி லான்செட்' மருத்துவ இதழில் வெளியானது. இருவரின் பி.எம்.ஐ.யும் ஒன்றே: 22.3. ஆனால் ஸ்கேன் செய்து பார்த்தபோது யட்கின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக் உடலில் 21.2 சதவீதம்.

பிறக்கும்போதே இது தொடங்கிவிடுகிறது என்கின்றன யாஜ்னிக் குழுவின் ஆய்வுகள். புனே அருகே கிராமங்களில் பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ. இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் பிறந்த குழந்தைகளுக்கு 3.5 கிலோ. இந்தியக் குழந்தைகளின் தசை குறைவாக இருந்தது. ஆனால் தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை. 'ஒல்லியான, ஆனால் கொழுப்புள்ள' உடல்வாகு என்று இதைக் குறிப்பிடுகிறார்கள்.

இதில் என்ன ஆபத்து?

சாப்பிட்ட பிறகு ரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும்பகுதியை இன்சுலின் உதவியுடன் உள்ளே வாங்கிக்கொள்வது தசைதான். தசை குறைவாக இருந்தால் சர்க்கரை போய்ச் சேர வேண்டிய இடமே குறைவு. அதோடு கல்லீரலைச் சுற்றியும் குடலைச் சுற்றியும் கொழுப்பு சேர்ந்தால் இன்சுலின் சரியாக வேலை செய்யாது. விளைவு, சர்க்கரை நோய், இதய நோய், கல்லீரலில் கொழுப்பு படிவது.

"நான் ஒல்லிதான், எனக்கெல்லாம் சுகர் வராது" என்று நினைத்து பரிசோதனையே செய்யாமல் இருப்பதுதான் இங்கே பெரிய ஆபத்து.

இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலும் சென்னையைச் சேர்ந்த மெட்ராஸ் டயாபடிஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷனும் இணைந்து நடத்திய தேசிய ஆய்வு 2023-ல் வெளியானது. அதன்படி இந்தியாவில் 10.1 கோடி பேருக்கு சர்க்கரை நோய், மேலும் 13.6 கோடி பேர் அதற்கு முந்தைய கட்டத்தில் இருக்கிறார்கள். பி.எம்.ஐ. கணக்கில் உடல் பருமன் உள்ளவர்கள் 28.6 சதவீதம். ஆனால் வயிற்றுப் பருமன் உள்ளவர்கள் 39.5 சதவீதம். பி.எம்.ஐ. கண்ணில் சிக்காத தொப்பைகள் அவ்வளவு!

எடையே கேட்காத சென்னை மதிப்பெண்

இதே மெட்ராஸ் டயாபடிஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷனில் டாக்டர் வி. மோகன் தலைமையிலான குழு, 2005-ல் 'இந்திய சர்க்கரை நோய் அபாய மதிப்பெண்' என்ற முறையை வெளியிட்டது. இதில் நான்கே கேள்விகள். எடை எவ்வளவு என்ற கேள்வி கிடையாது.

• வயது: 35-க்குக் கீழ் 0, 35 முதல் 49 வரை 20, 50-க்கு மேல் 30
• இடுப்புச் சுற்றளவு: ஆண் 90 செ.மீ.க்குக் கீழ் 0, 90 முதல் 99 வரை 10, 100-க்கு மேல் 20. பெண் 80-க்குக் கீழ் 0, 80 முதல் 89 வரை 10, 90-க்கு மேல் 20
• உடல் உழைப்பு: உடற்பயிற்சியும் கடின வேலையும் இருந்தால் 0, இரண்டில் ஒன்று இருந்தால் 20, இரண்டுமே இல்லை என்றால் 30
• குடும்பம்: பெற்றோர் இருவருக்கும் சர்க்கரை நோய் இல்லை என்றால் 0, ஒருவருக்கு இருந்தால் 10, இருவருக்கும் இருந்தால் 20

கூட்டினால் 60 அல்லது அதற்கு மேல் வந்தால் அதிக அபாயம். 30 முதல் 50 வரை நடுத்தரம். 30-க்குக் கீழ் குறைவு.

உதாரணத்துக்கு, வயது 40, உட்கார்ந்தே வேலை, உடற்பயிற்சி இல்லை, இடுப்பு 94 செ.மீ., அப்பாவுக்கு சர்க்கரை நோய் என்றால், 20 + 10 + 30 + 10 = 70. இவர் பார்க்க ஒல்லியாக இருந்தாலும் ரத்தப் பரிசோதனை அவசியம். இவரே தினமும் உடற்பயிற்சி செய்து இடுப்பை 90-க்குக் கீழ் கொண்டுவந்தால் மதிப்பெண் 50. வயதையும் அப்பாவையும் மாற்ற முடியாது, மற்ற இரண்டையும் மாற்றலாம்.

இந்த மதிப்பெண் நோயைக் கண்டுபிடிக்கும் பரிசோதனை அல்ல. யார் உடனே பரிசோதிக்க வேண்டும் என்று சொல்லும் முதல் படி மட்டுமே.

இடுப்பை எப்படி அளப்பது?

தையல்காரர் வைத்திருக்கும் சாதாரண இன்ச் டேப் போதும்.

• நேராக நின்று, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்பின் மேல் முனைக்கும் நடுவில் டேப்பைச் சுற்றவும்.
• பேண்ட், பாவாடை கட்டும் இடத்தில் அளந்தால் தப்பாக வரும். தொப்பைக்குக் கீழே பெல்ட் போடுபவர்களுக்கு பேண்ட் சைஸ் பல வருடம் மாறாமலே இருக்கும்!
• மூச்சை இயல்பாக வெளியே விட்டு அளக்கவும். வயிற்றை உள்ளே இழுக்க வேண்டாம்.
• ஆணுக்கு 90 செ.மீ. (சுமார் 35 இன்ச்), பெண்ணுக்கு 80 செ.மீ. (சுமார் 31 இன்ச்) தாண்டினால் எச்சரிக்கை.

ஜிம்மில் இருக்கும், கொழுப்பு சதவீதம் காட்டும் மெஷின்கள் உடலுக்குள் மிகச் சிறிய மின்சாரத்தைச் செலுத்திக் கணக்கிடுபவை. தண்ணீர் குடித்தது, வியர்த்தது எல்லாம் அந்த எண்ணை மாற்றிவிடும். ஒருநாள் வரும் எண்ணை வைத்து முடிவுக்கு வர வேண்டாம். ஒரே மெஷினில், காலையில், வெறும் வயிற்றில் பார்த்து, மாதக் கணக்கில் ஒப்பிட்டால் ஓரளவு பயன்படும்.

வேகமாக எடை குறைத்தால்?

பட்டினி கிடந்தோ, சாப்பாட்டைக் கடுமையாகக் குறைத்தோ எடையைக் குறைத்தால் கொழுப்பு மட்டும் போகாது, தசையும் சேர்ந்தே போகும். பயிற்சி இல்லாமல் குறையும் எடையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு தசை உள்ளிட்ட கொழுப்பற்ற பகுதிகள்தான். மெஷினில் எண் குறைந்த சந்தோஷம் இருக்கும், ஆனால் சர்க்கரையை வாங்கிக்கொள்ளும் தசையும் குறைந்திருக்கும். 2025 முதல் இந்தியாவில் விற்பனைக்கு வந்திருக்கும் எடை குறைப்பு ஊசிகளைப் போடுபவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். டாக்டர் பரிந்துரை இல்லாமல் அவற்றைத் தொடவே கூடாது.

தசை அதிகமானால் சும்மா இருந்தாலே கலோரி எரியும் என்பதும் கொஞ்சம் கூடுதலாகச் சொல்லப்படுவதுதான். ஓய்வில் ஒரு கிலோ தசை ஒரு நாளைக்கு சுமார் 13 கலோரி செலவழிக்கும். கொழுப்பு 4.5 கலோரி. தசையின் உண்மையான பலன் சர்க்கரைக் கட்டுப்பாடு, எலும்புக்கு வலு, வயதான பிறகு விழாமல் நடப்பது ஆகியவைதான்.

என்ன செய்யலாம்?

• பெரியவர்கள் வாரத்துக்கு குறைந்தது 150 நிமிடம் வேகநடை போன்ற மிதமான பயிற்சியும், இரண்டு நாள் தசைக்கு வலு தரும் பயிற்சியும் செய்ய வேண்டும் என்கிறது உலக சுகாதார அமைப்பு. ஜிம் கட்டாயமில்லை. நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, படி ஏறுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவதும் தசைக்கு வேலைதான்.
• ஒரு கிலோ உடல் எடைக்கு தினமும் 0.83 கிராம் புரதம் தேவை என்கிறது ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். 60 கிலோ எடை என்றால் சுமார் 50 கிராம். பருப்பு, கடலை, சுண்டல், முட்டை, மீன், தயிரில் இருந்தே எடுக்கலாம். தசைக்காக புரதப் பவுடர் வேண்டாம் என்று இந்த நிறுவனமே 2024-ல் அறிவுறுத்தியது. சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டு முடிவு செய்யவும்.
• எடையை வாரம் ஒருமுறை, இடுப்பை மாதம் ஒருமுறை அளந்து குறித்து வைக்கவும்.
• எடை குறையாமல் இடுப்பு குறைந்தால் கவலை வேண்டாம், சரியான பாதையில்தான் போகிறீர்கள். எடை அப்படியே இருந்து இடுப்பு மட்டும் ஏறினால், தசை போய் கொழுப்பு சேர்கிறது என்று அர்த்தம். அதுதான் உஷாராக வேண்டிய நேரம்.
• 30 வயதைத் தாண்டியவர்கள், ஒல்லியாக இருந்தாலும், ஆண்டுக்கு ஒருமுறை சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்த்துக்கொள்வது நல்லது. அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இதை இலவசமாகவே பார்க்கலாம்.

ஜிம் போய் ஒரு மாதமாகியும் வெயிட் குறையவில்லை என்று புலம்பும் நண்பர் உங்களுக்கும் இருக்கலாம். எடை மெஷினை ஓரமாக வைத்துவிட்டு, அவர் கையில் ஒரு இன்ச் டேப்பைக் கொடுங்கள். மீதியை அது சொல்லும்.